காருக்குள் மழைநீர்: கசியும் வழியைக் கண்டறிவது எவ்வாறு?

திருவனந்தபுரத்திற்கு மழை ஆண்டில் இரு முறை வருகிறது. இடவப்பாதி என்று இங்கு வழங்கும் தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத் தொடக்கத்தில் இறங்குகிறது. அக்டோபரில் துலாவர்ஷம் பிற்பகல் இடியுடன் தொடங்குகிறது. கிழக்கேகோட்டையில் கார் வைத்திருப்போருக்கு இவ்விரு மழைகளிலும் தண்ணீர் மேலிருந்தும் வரும், கீழிருந்தும் வரும். தம்பானூரும் கிழக்கேகோட்டையும் தாழ்வான பகுதிகள். ஆமயிழஞ்சான் தோடும் தெக்கனங்கரைக் கால்வாயும் அடைபட்டால் தெருவில் நீர் தேங்குகிறது. இந்நிலையை மாற்றுவதற்காகவே 2015-ஆம் ஆண்டில் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் ஆக்கிரமிப்புகளை அகற்றி வடிகால்களைச் சீரமைக்கும் பணியை அரசு மேற்கொண்டது.

தெருவில் தேங்கும் நீரைப் பற்றி நாளேடுகள் எழுதுகின்றன. மேலிருந்து சொட்டுச் சொட்டாகக் காருக்குள் இறங்கும் நீரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வாகனக் கடன் பிரிவில் பணிபுரியும் எங்களிடமோ மழைக்காலந்தோறும் வாடிக்கையாளர்கள் இதைத்தான் வினவுகின்றனர்: “காரின் தரைவிரிப்பு நனைந்து நாறுகிறது, இதற்குக் காப்பீட்டில் பணம் கிடைக்குமா?” காப்பீட்டைப் பின்னர்ப் பார்ப்போம். நீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

தரைவிரிப்பின் மேற்பரப்பைத் தொட்டுப் பார்த்து ஈரமில்லை என்று முடிவு செய்யலாகாது. விரிப்பின் அடியில் தடித்த பஞ்சு அடுக்கு ஒன்று உண்டு. அது லிட்டர் கணக்கில் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே உலர்ந்தும் அடியில் ஊறியும் பல வாரங்கள் கிடக்கும். மின்கம்பிகளும் அவற்றின் இணைப்புகளும் அந்த அடுக்கை ஒட்டியே செல்கின்றன. பல கார்களில் இருக்கையின் அடியில் ஏர்பேக்கிற்கான மஞ்சள் நிற இணைப்புகள் உள்ளன. அவை களிம்பேறினால் எச்சரிக்கை விளக்கு எரியும். விபத்து நேரும்போது ஏர்பேக் விரியும் என்ற உறுதியும் போய்விடும். தரைத்தகடு உட்புறமிருந்து துருப்பிடிப்பதும் பூஞ்சை படர்வதும் இதற்கு அடுத்த நிலை.

காருக்குள் காணும் நீர் அனைத்தும் மழைநீர் அன்று. வெயில் நாளில் ஏ.சி. போட்டு ஓட்டிய பின்னர் முன்னிருக்கையின் கால்வைக்கும் இடம் நனைந்திருந்தால், ஏ.சி.யின் நீர் வெளியேறும் குழாய் அடைபட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அந்த நீர் தெளிந்திருக்கும். நீர் வழவழப்பாகவும் நிறத்துடனும் இனிப்பு வாடையுடனும் இருந்தால் அது என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட். ஹீட்டரின் பக்கம் கசிகிறது. கார் ஓடாமல் நின்ற நிலையில், மழை பெய்த மறுநாள் மட்டும் ஈரம் காணப்பட்டால் மழைநீர் என்று உறுதியாகக் கூறலாம்.

கார் நீர் புகாத பெட்டி என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது நம் அக்கிரகாரத்து வீடுகளின் நடுமுற்றத்தைப் போன்றது. முற்றத்தில் மழை விழத்தான் செய்யும். விழுந்த நீர் தூம்பு வழியே வெளியேறிவிடும். தூம்பை அடைத்தால் நீர் கூடத்திற்குள் ஏறும். கார்க் கதவின் கண்ணாடியை ஒட்டி வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்கி, கீழ் விளிம்பிலுள்ள சிறு துளைகளின் வழியே வெளியேறுமாறு அமைத்திருக்கிறார்கள். முன்கண்ணாடியில் வழியும் நீர் வைப்பரின் அடியிலுள்ள சல்லடை வழியே ஒரு தொட்டியில் விழுந்து இருபுறமும் வடிகிறது. சன்ரூஃப் உள்ள காரில் அதைச் சுற்றிலும் ஒரு வாய்க்கால் உண்டு. அதன் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் கூரையைத் தாங்கும் தூண்களுக்குள் இறங்குகின்றன. ஆகவே, கசிவைத் தேடுபவர் ஓட்டையை மட்டும் தேடாமல் அடைப்பையும் தேட வேண்டும்.

கோட்டைப் பகுதியில் வெயிலுக்கு அஞ்சி மரநிழலில் கார்களை நிறுத்துகிறோம். வேம்பு, ஆல், அரசு எதுவாயினும் சருகும் பூவும் அந்தச் சல்லடைக்குள் விழுந்து மக்குகின்றன. தொட்டி நிறைந்தால் நீர் ஏ.சி.யின் காற்று நுழையும் வழியாக உள்ளே பாய்ந்து இடப்பக்க முன்னிருக்கையின் கீழே தேங்கும். பானட்டைத் திறந்து சருகைக் கையால் அள்ளிவிட்டு, ஒரு குவளை நீரை மெல்ல ஊற்றினால், அது முன்சக்கரத்தின் பின்புறத்தில் தரையில் விழ வேண்டும். விழாவிட்டால் வடிகால் நுனியிலுள்ள ரப்பர் மூக்கில் மண் அடைத்திருக்கும். அதை விரலால் பிதுக்கிவிடலாம். செலவில்லாத வேலை இது. மழைக்கு முன்னர் ஒரு முறையும் நடுவில் ஒரு முறையும் செய்தால் போதுமானது.

சோதனை செய்யும் முறை

நீர் தேங்கும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. உள்ளே புகுந்த நீர் மின்கம்பிக் கட்டின் மேல் ஊர்ந்து வெகுதொலைவு சென்று சொட்டும்; சரிவில் நிறுத்திய காரில் முன்னே புகுந்த நீர் பின்னே தேங்கும். எனவே மேலெழுந்தவாரியாகப் பார்த்துப் பசையைப் பூசுவதால் பயனில்லை. இருவர் சேர்ந்து சோதித்தால் ஒரு மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும்.

முதலில் மிதியடிகளை எடுத்துவிட்டு, தரைவிரிப்பை இயன்றவரை தூக்கித் துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். ஐயத்திற்குரிய இடங்களில் பழைய செய்தித்தாளை விரிக்கலாம். ஓரங்களில் முகப்பவுடரைத் தூவலாம். நீர் ஓடினால் பவுடரில் கோடு விழும். ஒருவர் டார்ச் விளக்குடன் உள்ளே அமர்ந்து கதவுகளை மூடிக்கொள்ள, மற்றவர் ரப்பர் குழாயில் மிதமான நீரை விட வேண்டும். கீழிருந்து மேலே செல்வதே முறை: முதலில் கதவின் அடிப்பகுதி, பின்னர் கண்ணாடியின் ஓரம், அதன்பின் முன்கண்ணாடியின் கீழ் விளிம்பு, பக்கங்கள், இறுதியாகக் கூரை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமாவது நிறுத்த வேண்டும். தொடக்கத்திலேயே கூரையில் ஊற்றினால் நீர் எல்லா இடங்களிலும் வழிந்து எதுவும் விளங்காமற் போகும். கார் கழுவும் நிலையங்களின் அழுத்தக் குழாயைப் பயன்படுத்தலாகாது. நல்ல ரப்பரையும் தாண்டி அது நீரைப் புகுத்தும்.

கதவின் ரப்பர் பீடிங்கைச் சோதிக்க ஒரு காகிதத் துண்டு போதும். அதைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுக்க வேண்டும். தடையின்றி வந்துவிடும் இடத்தில் ரப்பர் அமுங்கித் தளர்ந்திருக்கிறது. (பணத்தாளைக் கொண்டு சோதிப்பவர்களும் உண்டு. கிழிந்த தாளுடன் எங்கள் முகப்பிற்கு வர வேண்டியிருக்கும் என்பதால் வெற்றுத்தாளையே பரிந்துரைக்கிறேன்.)

பழுதும் பரிகாரமும்

பெரிதும் கவனிக்கப்படாத இடம் கதவின் உட்புறம். கதவின் உள்பலகைக்குப் பின்னால் ஒரு நெகிழித்தாள் கருநிறப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். கதவுக்குள் இறங்கும் நீர் அறைக்குள் வராமல் தடுப்பது அதுவே. ஸ்பீக்கர் பொருத்தும்போதோ கண்ணாடி ஏற்றும் மோட்டாரைப் பழுது பார்க்கும்போதோ அதைக் கிழித்துவிட்டு, அப்படியே பலகையை மூடிவிடுவது வழக்கமாகிவிட்டது. கதவைத் திறந்து பழுது பார்த்த சில நாட்களில் கசிவு தொடங்கியிருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். தாள் கிழியாதிருந்தால் பியூட்டைல் நாடாவைக் கொண்டு மீண்டும் ஒட்டலாம். கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும். செல்லோ டேப் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் நீர் தேங்கினால் பின்விளக்குகளின் அடியிலுள்ள ரப்பர், டிக்கிக் கதவின் பீடிங், கூரை ஆண்டெனாவின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சன்ரூஃபின் குழாயில் அடைப்பிருந்தால் வளையும் நைலான் இழையைச் செருகி நீக்கலாம். கம்ப்ரஸர் காற்றைச் செலுத்தினால் குழாய் உட்புறத்தில் கழன்றுவிடும். பின்னர்க் கூரையின் உட்துணி முழுவதையும் இறக்க வேண்டியதாகும்.

அம்பாசிடர் காலத்தில் முன்கண்ணாடி ரப்பர் பட்டையால் பிடிக்கப்பட்டிருந்தது. ரப்பர் காய்ந்தால் ஒழுகும், மாற்றினால் நிற்கும். இன்றைய கார்களில் கண்ணாடி பாலியூரிதேன் பசையால் உடலோடு ஒட்டப்பட்டுள்ளது. அது காரின் வலிமைக்கே ஒரு பகுதி. விரியும் ஏர்பேக்கையும் பல கார்களில் அதுவே தாங்குகிறது. ஆதலால் கண்ணாடியோரம் கசிந்தால் மேலே பசையைத் தடவி மறைப்பது தவறு. கண்ணாடியைக் கழற்றி, சட்டத்திலுள்ள துருவை நீக்கி, முறைப்படி ஒட்டி, பசை இறுகும் நேரம் வரை வண்டியை எடுக்காமல் வைக்க வேண்டும். புளிக்காடி வாடை வீசும் சாதாரண சிலிகானைத் தகட்டில் பூசுவது இன்னும் தீது. அது வெளியிடும் அமிலம் இரும்பை அரிக்கும். அதன்மேல் பெயிண்டும் ஒட்டாது.

கசிவை நிறுத்திய பின்னரே உலர்த்த வேண்டும். இருக்கைகளைக் கழற்றி விரிப்பையும் பஞ்சையும் வெயிலில் இடுவது சிறந்த முறை. மஞ்சள் இணைப்புகளைத் தாமே கழற்ற முயலாமல் அப்பணியைப் பணிமனையிடம் விட்டுவிடலாம்.

பணம் யார் தருவார்?

உத்தரவாதக் காலத்திலுள்ள புதிய காரில் கசிவு இருந்தால் அது தயாரிப்பாளரின் பொறுப்பு. வாய்மொழியாகக் கூறிவிட்டு வராமல் ஜாப் கார்டில் எழுதச் செய்து நகலைப் பெற்றுக்கொள்ள வேண்டும். உத்தரவாதம் முடிந்தபின் அதே கசிவு திரும்பினால் அந்த நகலே சான்று.

காப்பீட்டைப் பொறுத்தவரை, முழுமைக் காப்பீட்டின் சொந்தச் சேதப் பிரிவு வெள்ளம், புயல் ஆகியவற்றால் விளையும் சேதத்தை ஏற்கிறது. தேய்மானத்தை ஏற்பதில்லை. காய்ந்துபோன ரப்பர் வழியே ஒழுகிய மழைநீர் தேய்மானத்தின் விளைவாகவே கருதப்படும். தெரு வெள்ளம் கதவளவு ஏறி உள்ளே புகுந்தது வேறு. அது காப்பீட்டிற்கு உரியது. ஆனால் வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து என்ஜின் கெட்டால், அதற்கெனத் தனியே என்ஜின் பாதுகாப்புச் சேர்க்கை பெறாதவர்களின் கோரிக்கை பெரும்பாலும் மறுக்கப்படும்.

ஏற்கப்படும் கோரிக்கையிலும் ரப்பர், நைலான், நெகிழிப் பாகங்களுக்கு 50 விழுக்காடு கழிக்கப்படும். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. 1500 சி.சி. வரையுள்ள காருக்குக் குறைந்தது 1,000 ரூபாயும் அதற்கு மேல் 2,000 ரூபாயும் உரிமையாளரின் பங்கு. இவற்றைக் காட்டிலும் கணக்கிட வேண்டியது நோ கிளெய்ம் போனஸ். கோரிக்கையற்ற ஆண்டுகளுக்கு அது 20, 25, 35, 45, 50 விழுக்காடு என ஏறும். ஒரு கோரிக்கையில் சுழியத்திற்கு இறங்கும். சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 ரூபாய் என்றும், அது மாறாதிருக்கிறது என்றும் கொள்வோம். 50 விழுக்காட்டில் இருப்பவர் ஒரு கோரிக்கை வைத்தால், மீண்டும் அந்நிலையை அடைவதற்குள் அவர் இழக்கும் சலுகை 5,000, 3,000, 2,500, 1,500, 500 என ஐந்தாண்டுகளில் 12,500 ரூபாய் ஆகிறது. நாலாயிரம் ரூபாய்ப் பழுதிற்குக் கோரிக்கை வைப்பது நட்டம் என்பது இதிலிருந்து தெளிவு.

பழைய கார் வாங்குவோர் இக்கசிவை வேறொரு கண்ணோடு பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையிலும் 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. விற்பவர் “சிறு ஒழுகல்தான்” என்று கூறும் ஈரம் வெள்ளத்தின் எச்சமாகவும் இருக்கலாம். சீட் பெல்ட்டை இறுதிவரை இழுத்துப் பார்த்தால் அதில் சேற்றுக் கறை தெரியும். இருக்கைத் தண்டவாளத்தின் துரு, ஸ்டெப்னிக் குழியின் வண்டல், டேஷ்போர்டின் அடியிலுள்ள கம்பிகளில் படிந்த மெல்லிய மண் ஆகியவை மழை ஒழுகலால் வருபவை அல்ல. விளக்குகளுக்குள் ஒரே மட்டத்தில் நீர்க்கோடு இருந்தாலும் அவ்வாறே. கடன் விண்ணப்பத்துடன் மதிப்பீட்டாளர் வருமுன், முன்பணம் கொடுப்பதற்கும் முன்னர், இந்த நான்கைந்து இடங்களை விரல்விட்டுப் பார்ப்பதற்குக் கால்மணி நேரத்திற்கு மேல் ஆகாது.