மூச்சுக்காக நெய்த ஏடு

நீலகிரியின் கட்டபெட்டில் தேயிலைக்குப் பஞ்சமில்லை. ஆறிப்போன டிகாக்ஷன் மேல் படரும் மெல்லிய படலத்தைப் பார்த்து, பாக்டீரியா என்று பயந்து கொட்டவும் வேண்டாம். அது பெரும்பாலும் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் தேயிலைச் சத்தும் காற்றுப் பட்டுத் திரிந்தது. உயிருள்ள ஏடு வேறு. அதே டிகாக்ஷனில் சர்க்கரை கரைத்து, கொம்புச்சா எனும் பழைய புளித்த தேநீரில் கொஞ்சம் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி அசைக்காமல் வைத்தால், பத்து நாளில் ஜவ்வு போன்ற தடித்த வட்டு மேலே மூடிக்கொள்ளும். இதைத் தேயிலைக் காளான் என்பது பாதிப் பொய். ஈஸ்ட் உள்ளே குடியிருக்கிறது, உண்மைதான்; ஆனால் வட்டை நெய்வது பாக்டீரியா. வினிகர் மேல் படரும் இத்தகைய ஏடு பஞ்சிலுள்ள அதே செல்லுலோஸ்தான் என்று 1886-ல் இங்கிலாந்தில் ஏட்ரியன் பிரவுன் எழுதினார்.

அழுக்கு தானாக மேலே மிதக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். என் கருத்தில் இந்த ஏடு மூச்சுக்காகக் கட்டப்படும் பரண். ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்க, பாக்டீரியா அதை அமிலமாக்குகிறது; அதற்கு ஆக்சிஜன் வேண்டும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பது சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன். ஒரு லிட்டர் காற்றிலோ 270 மில்லிகிராமுக்கு மேல். நீலகிரியின் உயரத்தில் இரண்டுமே இன்னும் குறைவு. தீர்ந்த ஆக்சிஜன் நீருக்குள் மறுபடி பரவுவதும் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான். குடுவையை ஓயாமல் குலுக்கினால் காற்று எங்கும் கலக்கும். அப்போது செல்லுலோஸ் நெய்யாத திரிபுகள் தலையெடுக்கின்றன. பால் ரெய்னியும் மைக்கேல் டிராவிசானோவும் 1998-ல் வேறொரு பாக்டீரியாவான சூடோமோனாஸ் ஃப்ளூரசென்ஸில் இதையே பார்த்தார்கள்: அசையாத குழாயில் சில நாளில் மேற்பரப்பு ஏடு கட்டும் வகை தோன்றியது, குலுக்கியதில் தோன்றவில்லை.

செல்லுலோஸ் ஈரத்தைக் காக்கவும் புற ஊதாக் கதிரைத் தடுக்கவும் உதவுமே என்று கேட்கலாம். அழுகும் பழத்தின் மேல் அது நியாயமான பதில். துணி கட்டிய ஜாடியில் ஈரமும் குறையவில்லை, வெயிலும் விழவில்லை, ஏடு மட்டும் வருகிறது. இதைவிட வலுவான கேள்வி செலவு பற்றியது: உணவைச் செலவழித்து நெய்பவன் ஒருவன், ஒட்டிக்கொண்டு மூச்சுவிடுபவன் இன்னொருவன் என்றால் இந்தப் பரண் எப்படி நிலைக்கும்? எப்போதும் நிலைப்பதில்லை என்பதே விடை. சூடோமோனாஸ் ஏட்டில் பசை சுரக்காத ஓசிக்காரர்கள் பெருகியபோது, பாரம் தாங்காமல் ஏடே மூழ்கியதை 2003-ல் ரெய்னி குழுவினர் காட்டினார்கள். கொம்புச்சா ஜாடியிலும் பழைய வட்டு சில சமயம் அடியில் அமிழ்ந்துவிடும். அப்போது காற்றுப் படும் மேல்மட்டத்தில் இன்னொன்று நெய்யத் தொடங்கும்.