பந்து புதிது, தசை பழையது

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் கணவருக்கு இடுப்பு மூட்டு மாற்றி ஆறு மாதமாகிறது. வலி போய்விட்டது. ஆனால் இன்னமும் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறார். வைத்த மூட்டு சரியில்லையா?”

மூட்டைச் சந்தேகிப்பதற்கு முன் தசையைப் பார்க்க வேண்டும். விளம்பரங்கள் ரோபோவையும் செராமிக் பந்தையும் காட்டுகின்றன. பந்து வலியைப் போக்கும். நிமிர்ந்து நடக்க வைப்பது, இடுப்பின் வெளிப்புறம், பேன்ட் பாக்கெட்டுக்குச் சற்று மேலே இருக்கும் ‘குளூட்டியஸ் மீடியஸ்’ என்னும் தசை.

எண்ணூர்ப் பக்கம் கட்டுமான இடங்களில் டவர் கிரேனைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட கையில் சரக்கு தொங்கும். எதிரே குட்டைக் கையில் கான்கிரீட் கட்டிகள் தொங்கும். நடுத்தூண் இரண்டையும் சேர்த்துச் சுமக்கும். ஒற்றைக் காலில் நிற்கும் மனிதரும் இப்படித்தான். ஊன்றிய கால்தான் தூண். உடல் எடை நீண்ட கையில் தொங்குகிறது. மீடியஸ் தசை குட்டைக் கையை இழுத்துப் பிடிக்கிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 60 கிலோ ஆள் ஒற்றைக் காலில் நின்றால், ஊன்றிய காலைக் கழித்து 50 கிலோ மூட்டின் மேல் இறங்குகிறது. அந்த எடைக்கும் மூட்டின் மையத்துக்கும் தூரம் சுமார் 10 செ.மீ.; தசைக்கு 5 செ.மீ.தான். ஆகவே தசை 100 கிலோ விசையில் இழுக்க வேண்டும். மூட்டு தாங்குவது இரண்டும் சேர்ந்த 150. பெர்லினில் கியோர்க் பெர்க்மன் குழுவினர் செயற்கை மூட்டுக்குள்ளேயே உணரிகளை வைத்து அளந்தார்கள். 2001இல் அவர்கள் வெளியிட்ட முடிவுப்படி, சாதாரண நடையில் மூட்டின் மேல் விழுவது உடல் எடையைப் போல ஏறத்தாழ 2.4 மடங்கு, 60 கிலோவுக்கு 144. பள்ளிக்கூடக் கணக்கு இவ்வளவு கிட்டத்தில் வருவது எனக்கு அலுக்காத ஆச்சரியம்.

இப்போது குட்டைக் கை அரை சென்டிமீட்டர் குறைந்தால்? புதிய பந்தின் மையம் தொடை எலும்பின் அச்சிலிருந்து சரியான தூரத்தில், பொதுவாக 4 செ.மீ. அளவில், அமைய வேண்டும். அது குறைந்தால் குட்டைக் கையும் குறைந்து, தசை 111 கிலோ இழுத்தாக வேண்டும்; அதே சமயம் தசை தொய்ந்தும் போயிருக்கும். கால் நீளம் சரியாக இருந்தாலும் நடை கோணும். தூரம் கூடினாலும் தொல்லைதான், வெளிப்பக்கம் வலிக்கும்.

கான்கிரீட் கட்டியே இளைத்திருந்தால்? வருஷக்கணக்கில் வலிக்குப் பயந்து அந்தக் காலை ஊன்றாதவரின் தசை அப்படித்தான் இருக்கும். அப்போது கிரேன் ஓட்டுநர் சரக்கைத் தூண் பக்கமாக இழுத்துக்கொள்வார். வாசகியின் கணவர் உடலைச் சாய்ப்பதும் அதுதான்: எடையை மூட்டுக்கு மேல் கொண்டுவந்து, 10 செ.மீ.யைக் குறைத்துக்கொள்கிறார்.

வரலாற்றில் இரண்டு செய்தி போதும். 1962இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி நவீன இடுப்பு மூட்டை நிலைநாட்டினார். சிறிய உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. தசைக்கு நெம்புகோல் நீளம் கிடைக்க, கிண்ணத்தை உள்ளேயும் எலும்பு முனையை வெளியேயும் தள்ளி வைத்தவரும் அவரே. மற்றது, டீப்யூ நிறுவனத்தின் ‘ஏஎஸ்ஆர்’. பெரிய உலோகப் பந்தை உலோகக் கிண்ணத்தில் பொருத்திய அந்த மூட்டை 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் இந்தியாவில் ஏறத்தாழ 4,700 அறுவை சிகிச்சைகள் நடந்திருந்தன. உரசலில் உதிர்ந்த கோபால்ட், குரோமியத் துகள்கள் சிலருக்குச் சுற்றியிருந்த தசையையே அழித்தன. புதிய மாடல் என்றதும் நான் தயங்குவது இதனால்தான்.

நம் ஊரில் இந்தச் சிகிச்சைக்கு வருபவர் பலர் முதியவர்கள் அல்லர். ஸ்டீராய்டு, மது போன்ற காரணங்களால் தொடை எலும்பின் பந்து முனைக்கு ரத்த ஓட்டம் நின்று, 30, 40 வயதிலேயே வருகிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு கிடைத்துவிடுகிறது. வேலைக்குத் திரும்பத் தசையும் வேண்டும். அதற்கான மாதக்கணக்கான பிசியோதெரபியைக் கூலி வேலை செய்பவர் பாதியில் விட்டுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

எந்த வழியாக அறுத்தார்கள் என்பதும் முக்கியம். பக்கவாட்டில் போனால் மீடியஸின் ஒரு பகுதியைப் பிரித்துத் திரும்பத் தைப்பார்கள். தசை தேற நாளாகலாம். பின்பக்கமாகப் போனால் மீடியஸ் தப்பும். ஆனால் சிறிய தசைகள் வெட்டுப்படுவதால், குத்துக்காலிட்டு உட்காரும்போது பந்து நழுவும் அபாயம் கூடும்.

வாசகி முதலில் எக்ஸ்ரேயை மருத்துவரிடம் காட்டி, பந்தின் தூரம் மறு காலோடு ஒத்திருக்கிறதா என்று கேட்கட்டும். ஒத்திருந்தால் மீதி வேலை தசைப் பயிற்சிக்குத்தான். அதுவரை கைத்தடி வேண்டும், மாற்றிய மூட்டுக்கு எதிர்க் கையில். மூட்டிலிருந்து 40 செ.மீ. தள்ளி ஊன்றும் தடியில் 5 கிலோ அழுத்தினாலே தசையின் சுமை 100லிருந்து 60 கிலோவுக்கு இறங்கிவிடும். பலர் செய்வதுபோல அதே பக்கக் கையில் பிடித்தால் இந்த லாபத்தில் பெரும்பகுதி போய்விடும்.