ஆசனமும் ஒரு தராசுதான்



தராசுத் தட்டின் அடியில் கல்லை ஒட்டி வைத்து விற்பவனை மோசக்காரன் என்கிறோம். நிறுவையில் மோசடி செய்வோரைக் கண்டித்து ஒரு சூராவே இறங்கியிருக்கிறது. சில கார்களின் முன்னாசனமும் ஒரு தராசுதான் என்பதை அறிவீர்களா?

அமெரிக்காவில் 1990 முதல் 2008 வரை, குறைந்த வேக விபத்துக்களில் எயார் பேக் விரிந்த விசையாலேயே 290க்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களில் பலர் முன்னாசனத்தில் இருந்த சிறுவர்கள். எனவே 2000ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு புதிய விதியொன்றை வகுத்தது. அது 2003 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஆசனத்தில் இருப்பவர் பெரியவரா, சிறுவரா என்று அறியும் உணரிகள் அதனால் பரவின. சிறுவர் என்றால் எயார் பேக் அணைந்துவிடும். பெரியவர் என்றால் தயாராக இருக்கும்.

குளிர் நாடல்லவா! அதே ஆசனத்தில் சூடேற்றும் ஹீட்டர் கம்பியும் ஓடுகிறது. சில கார்களில் இரண்டும் ஒரே விரிப்பில் உள்ளன. கம்பி அறுந்தாலோ, கருகினாலோ, ஆசனம் நனைந்தாலோ தராசும் தடுமாறலாம். அமெரிக்காவிலோ கனடாவிலோ வாழும் உங்கள் உறவினருக்கு இதை எழுதி அனுப்புங்கள்.

பழுதைக் காண்பது எப்படி?

முதலில் விளக்குகளைப் பாருங்கள். பெரியவர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தும் ‘எயார் பேக் அணைந்துள்ளது’ என்ற விளக்கு எரிந்தால் சந்தேகப்படுங்கள். ஹீட்டரைப் போடும்போது மட்டும் அவ்விளக்கு மாறினால், சந்தேகம் ஹீட்டர் பக்கம் திரும்ப வேண்டும்.

அடுத்து, எயார் பேக் கணினியின் பழுதுக் குறியீடுகளை வாசிக்கக்கூடிய கருவியால் வாசித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். குறிக்காமல் அழிப்பது சாட்சியை அழிப்பதாகும்.

ஆசனத்தின் அடியில் கைவைக்குமுன் சாவியை அணைத்து, பெட்டரியின் மறை முனையைக் கழற்றி, வாகனக் கைநூல் சொல்லும் நேரம்வரை காத்திருப்பது கட்டாயம். பின்னர் இழுபட்ட வயர், கழன்ற இணைப்பு, சிந்திய பானம் ஆகியவற்றைத் தேடலாம். ஹீட்டரின் பியூஸையும் கம்பியின் மின்தடையையும் சோதிக்கலாம். மஞ்சள் நிற எயார் பேக் இணைப்புகளில் மட்டும் சாதாரண மீற்றரை வைக்கவே கூடாது.

பழுது பார்த்தபின், வெற்று ஆசனத்தில் தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரும் அளவீட்டைக் கைநூலின்படி செய்ய வேண்டும். ஹீட்டரோடு கூடிய மேலுறையைப் புதிதாகப் போடுவதும் தராசைக் குழப்பக்கூடும்.

சிலர் எச்சரிக்கை விளக்கை அணைக்க, உணரிக்குப் பதிலாக ஒரு மின்தடையைச் செருகிவிடுகிறார்கள். விளக்கு அணைகிறது; ஆபத்து அணைவதில்லை. தட்டின் அடியில் ஒட்டிய கல் இதுதான்!

நமது நாட்டில் ஓடும் எல்லா வாகனங்களிலும் இந்த உணரி இல்லை. ஆகவே சிறுவரைப் பின்னாசனத்திலேயே பட்டியிட்டு அமர்த்துங்கள். ஒட்டகையைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத்தினர் நாம். பிள்ளைகள் நம்மிடமுள்ள அமானிதம்.

வல்ல அல்லாஹ் அவர்களைப் பாதுகாப்பானாக!