மணியார்டரில் வரும் உங்கள் காணிக்கை



வங்கி மூலமாகவும் கைபேசி மூலமாகவும் காணிக்கை அனுப்புவோர் பெருகிவிட்டார்கள். ஆனாலும் கிராம சபைகளிலுள்ள வயது முதிர்ந்த பங்காளர்கள் பலர் இன்றும் மணியார்டரையே நம்பியிருக்கிறார்கள். அந்தப் பணம் எங்களிடம் எப்படி வந்து சேருகிறது, சில வேளைகளில் அதன் நோக்கம் ஏன் எங்களுக்குத் தெரியாமல் போகிறது என்பதை இங்கு விளக்க விரும்புகிறோம்.

நம் நாட்டு அஞ்சலகங்களில் மணியார்டர் 1880-ஆம் ஆண்டு தொடங்கியது. நீங்கள் செலுத்தும் நோட்டு அப்படியே பயணம் செய்வதில்லை. உங்கள் ஊர் அஞ்சலகம் அதைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளும். எங்கள் ஊர் அஞ்சலகம் தன் கையிருப்பிலிருந்து எங்களுக்குக் கொடுக்கும். இரண்டையும் ஒத்துப்பார்ப்பது அஞ்சல் கணக்கு அலுவலகத்தின் வேலை. (கையிருப்புக் குறைந்த நாளில் தபால்காரர் வெறுங்கையோடு வருவதும் இதனால்தான், அவரைக் குறைசொல்வதில் பயனில்லை.) முற்காலத்தில் ஊர்விட்டு ஊர் போனது படிவம் மட்டுமே. 2008-இல் மின்னணு மணியார்டர் வந்தபின், விவரங்கள் கணினி வழியே சென்று, பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தில் அச்சாகின்றன. வழிகாட்டுவது ஆறு இலக்கப் பின்கோடுதான். அதில் ஓர் எண் தவறினாலும் பணம் வேறோர் ஊரில் போய் நின்றுவிடும்.

இந்த மாற்றத்தால் வேகம் கிடைத்தது. ஆனால் கூப்பன் போய்விட்டது. பழைய படிவத்தின் அடியிலிருந்த அந்தச் சிறு துண்டில், "பேரன் பிறந்தநாள் காணிக்கை", "குழந்தைகள் வார்டுக்கு", "என் கண் ஆபரேஷனுக்காக ஜெபியுங்கள்" என்று நெருக்கி நெருக்கி எழுதி அனுப்புவீர்கள். இப்போதோ அஞ்சலகம் ஆயத்தமாக வைத்திருக்கும் வாசகங்களில் ஒன்றைத்தான் தெரிந்துகொள்ள முடியும். அதில் உங்கள் ஜெபக் குறிப்புக்கு இடமில்லை. ஆகவே மணியார்டர் அனுப்பும் அன்றே, தொகையையும் தேதியையும் நோக்கத்தையும் குறித்து ஒரு தபால் அட்டை தனியே போட்டுவிடும்படி அன்பாய்க் கேட்டுக்கொள்கிறோம்.

கமிஷன் 20 ரூபாய்க்கு 1 ரூபாய். ஒரே மணியார்டரில் 5,000 ரூபாய் அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கமிஷன் மட்டும் 250 ரூபாய். ஏழை விதவையின் காசைப்போல் சிறுகச் சேர்த்து அனுப்புகிறவர்களுக்கு மணியார்டர் ஏற்றதே. சபையாகச் சேகரித்த பெருந்தொகையை வங்கியில் செலுத்துவதே நலம் என்பது எங்கள் எண்ணம்.

போஸ்டல் ஆர்டர் வேறு வகை. தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவுடன் 10 ரூபாய்க்கு இணைப்பார்களே, அதுதான். அச்சிட்ட சீட்டை வாங்கி, உறையிலிட்டு நீங்களே அனுப்பவேண்டும். பெயரை எழுதாமல் விட்டால், வழியில் யார் கையில் கிடைத்தாலும் அவர் தம் பெயரை எழுதிக்கொள்ளலாம். பெயர் எழுதி, குறுக்கே இரண்டு கோடு போட்டுவிட்டால் வங்கி வழியாக மட்டுமே அது பணமாகும். அடிச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வழங்கிய மாதத்தின் கடைசி நாளிலிருந்து 24 மாதம் அது செல்லும். வேதாகமத்துக்குள் வைத்து மறந்துவிடவேண்டாம்.

இன்னொரு முக்கியமான காரியம், நோயாளிகளுக்கு வரும் மணியார்டர். மருத்துவமனையின் பெயருக்கு வந்தால் எங்கள் அலுவலகம் கையொப்பமிட்டு முத்திரை வைத்துப் பெற்றுக்கொள்ளும். நோயாளியின் பெயருக்கு வருவதை நாங்கள் வாங்க இயலாது. அவரே கையொப்பமிடவேண்டும்; எழுதத் தெரியாதவர் சாட்சியின் முன் ரேகை வைக்கவேண்டும். அதற்குள் அவர் வீடு திரும்பிவிட்டால் பணம் அனுப்பியவருக்கே திரும்பும், கமிஷன் திரும்பாது. மருந்துக்கென்று கடன்பட்டு அனுப்பிய பணம் இப்படி அலையும்போது அந்தக் குடும்பம் படும் பாட்டை நாங்கள் அறிவோம். ஆகையால் சிகிச்சைச் செலவுக்கான பணத்தை மருத்துவமனையின் பெயருக்கே அனுப்பி, நோயாளியின் பெயர், வார்டு, மருத்துவமனைச் சீட்டு எண் ஆகியவற்றைத் தபால் அட்டையில் எழுதுங்கள். சீட்டு எண் தெரியாவிட்டால், சேர்ந்த தேதியை எழுதினாலும் போதும்.