முப்பது பாகைக் கழுத்தும் முழுவட்ட வானமும்

விமானம் ஓட்டுவது கைகால்களின் வேலை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றினாலும், தெளிந்த வானிலையில் சிறு விமானத்தை ஓட்டும் விமானியின் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது அவருடைய கண்தான். தொடுவானம், ஓடுபாதை, அருகில் பறக்கும் பிற விமானங்கள் ஆகியவற்றை ஓயாமல் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே அவர் பறக்கிறார். ஃபிளைட் சிமுலேட்டர் எனப்படும் விமானப் பாவனை மென்பொருளை வீட்டுக் கணினியில் இயக்குபவருக்கு முதலில் பறிபோவதும் இந்தப் பார்வைதான். இரு கண்களாலும் மனிதர் பார்க்கும் பரப்பு கிடைமட்டத்தில் ஏறத்தாழ 200 பாகை. 24 அங்குலக் கணினித் திரையை 60 செ.மீ. தொலைவிலிருந்து பார்க்கும்போது அது கண்ணில் அடைக்கும் கோணமோ 48 பாகைக்கும் குறைவு. விமானி அறையும் அதற்கு வெளியே உள்ள உலகமும் முழுமையாகக் கணினிக்குள் இருந்தாலும், அவற்றை ஒரு சிறிய சன்னல் வழியாகத்தான் காண முடிகிறது. அந்தச் சன்னலை வேண்டிய திசைக்கு விரைவாகவும் இயல்பாகவும் திருப்புவது எப்படி என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்துள்ள விடைகளில் சிறந்தது, ஹெட் டிராக்கிங் எனப்படும் தலையசைவுப் பின்தொடர்வு.

அதற்கு முன்பு பெரிதும் பயன்பட்ட வழிகள் இரண்டு. விசைப்பலகையின் எண் விசைகளை அழுத்தி இடம், வலம், பின்புறம் என்று காட்சியை மாற்றுவது ஒன்று. ஜாய்ஸ்டிக்கின் உச்சியிலுள்ள ஹேட் சுவிட்ச் என்ற சிறு பொத்தானைக் கட்டைவிரலால் தள்ளி, பெரும்பாலும் 45 பாகைப் படிகளாகக் காட்சியைத் தாவச் செய்வது மற்றொன்று. இரண்டிலும் பார்வை திரும்பியது என்பதைவிடப் படம் மாறியது என்பதே பொருந்தும். ஒவ்வொரு தாவலுக்குப் பிறகும் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதை மூளை ஒரு கணம் நின்று கணக்கிட வேண்டியிருக்கிறது, விமானம் திரும்பிக்கொண்டிருக்கும் வேளையில் அந்த ஒரு கணமே பெரிய இழப்பு.

இந்த இழப்பு மிகத் தெளிவாகப் புலப்படும் இடம், தரையிறங்குவதற்கு முன் ஓடுபாதையைச் சுற்றிவரும் சர்க்கியூட் என்ற செவ்வகப் பாதை. செஸ்னா 172 போன்ற சிறு விமானம் தரையிலிருந்து ஏறத்தாழ 1000 அடி உயரத்தில், ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிர்த்திசையில் பறக்கிறது. வழக்கமான இடப்புறச் சர்க்கியூட்டில் ஓடுபாதை விமானியின் இடக்கைப் பக்கத்தில் இருக்கும். அதன் தொடக்க முனை இடத்தோளுக்குப் பின்னால் 45 பாகையில், அதாவது விமான மூக்கிலிருந்து கணக்கிட்டால் 135 பாகையில், தென்படும்போது திரும்ப வேண்டும் என்பது பயிற்சியில் முதலில் கற்பிக்கப்படும் விதிகளுள் ஒன்று. திரும்பிய பின்னும் ஓடுபாதையைக் கண்ணில் வைத்துக்கொண்டே அடுத்த திருப்பத்தைத் தொடங்க வேண்டும். அது தாமதித்தால் விமானம் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிடும். முன்புறக் காட்சியை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்பவர், நொடிகளை எண்ணியோ வரைபடத்தைப் பார்த்தோ திரும்பப் பழகிவிடுகிறார். அந்தப் பழக்கம் உண்மையான விமானத்தில் அமரும் நாளில் அவருக்கு உதவுவதில்லை. பாவனை மென்பொருளைக் கற்றலுக்காகப் பயன்படுத்துபவர் வாங்க நினைக்கும் விலையுயர்ந்த ஜாய்ஸ்டிக்குக்கு முன்னால் தலையசைவுப் பின்தொடர்வுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இதன் அடிப்படை எளிய வடிவகணிதம். முப்பரிமாண வெளியில் எந்தத் திடப்பொருளுக்கும் ஆறு வகை இயக்கங்கள் உண்டு: இட வலமாகத் திரும்புதல், மேலும் கீழும் நோக்குதல், பக்கவாட்டில் சாய்தல் ஆகிய மூன்று சுழற்சிகளும், பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் முன்பின்னாகவும் இடம்பெயர்தல் ஆகிய மூன்று நகர்வுகளும். தலையின் நிலையை முழுவதும் அறிய இந்த ஆறு மதிப்புகளும் வேண்டும். தொப்பியிலோ காதொலிக் கருவியிலோ, ஒன்றுக்கொன்று உள்ள தொலைவு முன்பே தெரிந்த மூன்று ஒளிப்புள்ளிகளைப் பொருத்தினால், கேமராவின் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் கிடைமட்டம், செங்குத்து என்று இரண்டு எண்களைத் தருகிறது; மூன்று புள்ளிகளுக்கு ஆறு எண்கள், அறிய வேண்டியவையும் ஆறு. ஆனால் ஒரே படத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தலைநிலைகள் பொருந்திவரக்கூடும் என்பதால், மூன்று புள்ளிகளும் கேமராவை நேராக எதிர்நோக்கும் ஒரே தளத்தில் அமையாமல், ஒரு புள்ளி மற்றவற்றைவிட முன்னோ பின்னோ தள்ளியிருக்குமாறு கருவி வடிவமைக்கப்படுகிறது.

புள்ளிகள் அகச்சிவப்பு ஒளியில் இருப்பதற்கும் காரணம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியைக் கேமராவின் முன் வைத்துவிட்டால், அறையும் முகமும் இருண்டு, மூன்று வெண்புள்ளிகள் மட்டுமே படத்தில் எஞ்சும். அவற்றைக் கண்டுபிடிக்கக் கணினிக்குப் பெரிய உழைப்பு தேவையில்லை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த நேச்சுரல்பாயின்ட் நிறுவனத்தின் டிராக்ஐஆர் கருவி இந்த முறையில்தான் இயங்குகிறது. அதன் ஐந்தாம் தலைமுறைக் கேமரா நொடிக்கு 120 படங்கள் எடுக்கிறது. இதே வேலையைக் கட்டணமின்றிச் செய்யும் திறந்தமூல மென்பொருள் ஓப்பன்டிராக். அதனோடு சேர்த்துப் பயன்படுத்த, பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்காக வெளிவந்த மலிவான பிஎஸ்3 ஐ கேமராவை ஆர்வலர்கள் திறந்து, உள்ளிருக்கும் அகச்சிவப்புத் தடுப்பானை நீக்கி, அவ்விடத்தில் கழுவப்பட்ட புகைப்படச் சுருளின் கறுத்த துண்டையோ பழைய ஃபிளாப்பி வட்டின் தகட்டையோ வைத்துத் தாமே அமைத்துக்கொண்டார்கள். இன்று புள்ளிகளே வேண்டாம் என்ற நிலையும் வந்திருக்கிறது: சாதாரண வெப்கேமின் படத்திலிருந்து முகத்தின் திசையை நரம்பணு வலைப்பின்னல் முறையால் கணிக்கும் வசதி ஓப்பன்டிராக்கிலேயே உண்டு. புதிதாகத் தொடங்குபவர் பணம் செலவழிக்காமல் இதில் தொடங்குவதே சரி. முகத்தில் போதிய வெளிச்சம் விழ வேண்டும் என்பது மட்டும் கட்டாயம், ஏனெனில் இருட்டில் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வதால் காட்சி தடுமாறும். அகச்சிவப்புக் கருவிக்கோ இதற்கு நேர்மாறான தொல்லை: பின்னாலுள்ள சன்னலிலிருந்து வரும் வெயிலிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு என்பதால், திரைச்சீலை போட வேண்டும்.

கருவி எதுவானாலும், அதன் பின்னே நீங்காத முரண் ஒன்று இருக்கிறது. தலை திரும்புகிறது, திரை திரும்புவதில்லை. பின்னால் பார்ப்பதற்காகத் தலையைப் பின்னால் திருப்பினால், காட்ட வேண்டிய திரையே கண்ணிலிருந்து மறைந்துவிடும். 2007-இல் ஜானி சங் லீ என்ற ஆய்வாளர் நின்டெண்டோ வீ கருவியின் கைக்கட்டுப்பாட்டிலிருந்த அகச்சிவப்புக் கேமராவைக் கொண்டு, தலை நகர்வதற்கேற்பத் திரைக்காட்சி உண்மையான சன்னலைப் போல மாறுவதைச் செய்துகாட்டியபோது அது பலரையும் வியக்க வைத்தது. எனினும் உண்மைக்கு முழுதும் கட்டுப்பட்ட அத்தகைய சன்னலால் விமானியின் முதுகுப்புறத்தைக் காட்ட இயலாது. ஆகவே விமானப் பாவனையில் உண்மை அளவு கைவிடப்பட்டு, தலையின் சிறிய அசைவு பார்வையின் பெரிய திருப்பமாகப் பெருக்கப்படுகிறது. கண்கள் திரையைவிட்டு அகலாமல் வசதியாகத் தலையைத் திருப்பக்கூடிய அளவு ஏறத்தாழ 30 பாகை என்று கொண்டால், சர்க்கியூட்டில் வேண்டிய 135 பாகைக்குப் பெருக்கம் நாலரை மடங்கு.

ஆனால் எல்லா இடத்திலும் நாலரை மடங்கு என்று வைத்தால் பறக்கவே முடியாது. கருவியின் அளவீட்டில் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு நடுக்கம் இருந்தாலும், அது திரையில் கிட்டத்தட்ட அரைப் பாகையாகும். 1920 புள்ளி அகலமுள்ள திரையில் 60 பாகைக் காட்சி விரிந்திருக்கும்போது அது பதினான்கு புள்ளித் துள்ளல், வேகமானியின் எண்களைப் படிக்கவிடாத அளவு. இதற்குப் பெருக்க வளைவு என்ற ஏற்பாடு உதவுகிறது. தலையின் கோணத்தைக் கிடைமட்ட அச்சிலும் பார்வையின் கோணத்தை நிலை அச்சிலும் குறித்து வரையப்படும் இந்தக் கோடு, நடுவில் சில பாகைகளுக்குத் தட்டையாகவும் அதன்பின் மெல்ல உயர்ந்தும் ஓரங்களில் செங்குத்தாக ஏறியும் செல்லுமாறு அமைக்கப்படுகிறது. அதனால் முன்னே பார்க்கும்போது காட்சி அசையாமல் நிற்கிறது, தோளுக்குப் பின்னே பார்க்க முயலும்போது பாய்ந்து திரும்புகிறது. தட்டைப் பகுதியை மிக அகலமாக்கினால் தலையைத் திருப்பியும் எதுவும் நடக்காமல் பிறகு திடீரென்று காட்சி நழுவும் என்பதால், அதைக் கண்ணுக்குத் தோன்றாத அளவுக்குச் சிறியதாக வைப்பதே நல்லது. ஓப்பன்டிராக்கில் மேல்நோக்குக்கும் கீழ்நோக்குக்கும் தனித்தனி வளைவுகள் வரைய முடியும். திருப்பத்தின்போது மேலே நெடுந்தொலைவு பார்க்க வேண்டியிருக்கையில், கீழேயுள்ள கருவிப் பலகைக்குச் சிறு சாய்வே போதுமானது என்பதால் இது மிகப் பயனுள்ள வசதி.

நடுக்கத்தைக் குறைக்கும் இன்னொரு வழி மிருதுவாக்கல், அதாவது பல அளவீடுகளைச் சேர்த்துச் சராசரி காண்பது. சராசரி காணக் காத்திருக்க வேண்டும், காத்திருப்பு தாமதமாகிறது, தாமதம் தலைக்கும் கண்ணுக்கும் ஒவ்வாமல் குமட்டலைத் தருகிறது. நொடிக்கு 30 படம் எடுக்கும் வெப்கேம் ஒவ்வொரு படத்துக்கும் 33 மில்லிநொடி எடுத்துக்கொள்வதால், அதன் மேல் கனமான மிருதுவாக்கலை ஏற்றுவது நல்லதன்று. ஓப்பன்டிராக்கின் அக்செலா என்ற வடிகட்டி இதற்கு நயமான தீர்வைத் தருகிறது: மெல்லிய அசைவை நடுக்கமாகக் கருதி அடக்குகிறது, விரைவான அசைவை விமானியின் விருப்பமாகக் கருதி உடனே விட்டுவிடுகிறது.

இவையனைத்தையும் சீராக்கிய பிறகும் பலர் மனநிறைவடையாமல் இருப்பதற்குக் காரணம், தொடக்கக் காட்சியைச் சரிசெய்யாமல் விட்டிருப்பது. தலையசைவு மென்பொருள் தானாக எந்தக் காட்சியையும் உருவாக்குவதில்லை. பாவனை மென்பொருளில் ஏற்கெனவே அமைந்துள்ள கண்ணின் நிலையோடு அது கூட்டல் கழித்தல் மட்டுமே செய்கிறது. உண்மையான விமானங்களிலும் கண்ணின் நிலை வடிவமைப்பாளரால் வரையறுக்கப்பட்ட ஒன்று: ஏர்பஸ் விமானங்களின் முன்கண்ணாடி நடுச்சட்டத்தில் சிறு உருண்டைகள் பொருத்தப்பட்டிருக்கும், அவற்றுள் இரண்டு ஒன்றையொன்று மறைக்கும்வரை விமானி தன் இருக்கையை உயர்த்தியும் நகர்த்தியும் அமைத்துக்கொள்வார். வீட்டிலும் அதே ஒழுங்கு வேண்டும். கருவிப் பலகையின் மேல்விளிம்புக்கு மேலே மூக்கும் தொடுவானமும் தெரியுமாறு கண்ணின் உயரத்தையும் முன்பின் நிலையையும் அமைத்துச் சேமித்துவிட்டு, அதன் பிறகே தலையசைவை இயக்க வேண்டும். காட்சிக் கோணமும் இப்போதே தீர்மானிக்கப்பட வேண்டியது: திரை கண்ணில் அடைக்கும் 48 பாகையையே காட்சிக்கும் வைத்தால் தொலைவுகள் உண்மையாகத் தோன்றும், ஆனால் கருவிப் பலகையின் பெரும்பகுதி வெளியே போய்விடும், அகலமாக வைத்தால் எல்லாம் தெரியும், ஆனால் ஓடுபாதை உள்ளதைவிடச் சிறிதாகவும் தொலைவிலும் தோன்றி, இறங்கும் உயரத்தைத் தவறாக மதிப்பிட வைக்கும்.

நகர்வு அச்சுகளின் அருமை சில விமானங்களில்தான் முழுதாகத் தெரியும். இரண்டாம் உலகப்போர்க்கால ஸ்பிட்ஃபயர் தரையில் வால்சக்கரத்தின் மேல் அமர்ந்திருப்பதால் அதன் நீண்ட மூக்கு எதிரேயுள்ள அனைத்தையும் மறைத்துவிடும். விமானிகள் தரையில் இடவலமாக நெளிந்து ஓட்டியும், இறங்கும்போது வளைந்த பாதையில் வந்தும் ஓடுபாதையைக் கண்ணில் வைத்துக்கொண்டார்கள். டிசிஎஸ் போன்ற போர்விமானப் பாவனை மென்பொருளில் அந்த விமானத்தை ஓட்டுபவர் தலையைப் பக்கவாட்டில் நகர்த்தி மூக்கின் ஓரமாக எட்டிப்பார்க்கும்போது, பொத்தான்களால் ஒருபோதும் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது. முன்னால் சாய்ந்து கருவியொன்றை நெருங்கிப் படிப்பதும் அவ்வாறே. பக்கவாட்டுச் சாய்வு என்ற சுழற்சியை மட்டும் பெரும்பாலோர் அணைத்துவைப்பது சரியான முடிவு. நாற்காலியில் சற்று நெளிந்து அமர்ந்தால் தொடுவானமே சாய்வது, விமானம் சாய்ந்திருக்கிறதா என்ற அடிப்படைத் தீர்ப்பைக் குழப்புகிறது.

அதிகம் பேசப்படாத இன்னொரு அமைப்பு, சுழற்சி மையம். ஒளிப்புள்ளிகள் தொப்பியிலோ காதருகிலோ இருக்கின்றன, தலை சுழல்வதோ கழுத்தை மையமாகக் கொண்டு. எனவே தலை வெறுமனே திரும்பும்போதும் புள்ளிகள் இடம்பெயர்வதைக் கண்டு மென்பொருள் உடலே நகர்ந்ததாகக் கருதி, விமானியின் கண்ணைப் பக்கச் சட்டத்துக்குள் கொண்டுபோய்ச் செருகிவிடுகிறது. புள்ளிகளிலிருந்து கழுத்து மையம் எவ்வளவு தொலைவு என்பதை அமைப்பில் குறித்துவிட்டால் இந்தப் போலி நகர்வு மறையும். மணிக்கணக்கில் பறக்கும்போது உடல் தானாகச் சரிந்துவிடுவதால், இருக்கும் நிலையையே நடுவாகக் கொள்ளச் செய்யும் விசையைக் கையெட்டும் இடத்தில் வைப்பதும் தேவை. டிராக்ஐஆரில் அது வழக்கமாக எஃப்12.

தலையின் திசையைக் கருவியால் அறியும் எண்ணம் விளையாட்டிலிருந்து தோன்றியதன்று. 1968-இல் அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லேண்ட், கூரையிலிருந்து தொங்கும் இயந்திரக் கையால் தலையசைவை அளந்து, அதற்கேற்ப வரைபடத்தை மாற்றிக்காட்டும் தலையணிக் கருவியை உருவாக்கினார். பின்னர் அப்பாச்சி ஹெலிகாப்டரில் விமானியின் தலைக்கவசம் திரும்பும் திசைக்கே துப்பாக்கியும் திரும்பும் ஏற்பாடு வந்தது. சதர்லேண்டின் வழியில் வந்த, விஆர் எனப்படும் இன்றைய மெய்நிகர்த் தலையணியில் திரையே தலையோடு திரும்புவதால், பெருக்கமும் வளைவும் தேவையற்றுப் போகின்றன. இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் என்பதால் ஆழமும் தெரிகிறது. ஆனால் அதற்கு மிக வலுவான கணினி வேண்டும், முகத்தில் பாரம் ஏறும், மேசைமேல் உள்ள வரைபடமும் குறிப்பேடும் உண்மையான கைகளும் கண்ணுக்கு மறைந்துபோகும். வானொலி அலைவரிசையைக் குறித்துக்கொண்டு, சரிபார்ப்புப் பட்டியலைத் தாளில் படித்துக்கொண்டு நெடுநேரம் பறக்க விரும்புபவருக்குத் திரையும் கேமராவும் மூன்று ஒளிப்புள்ளிகளுமே இன்னும் ஏற்றவை. வளைவுகளைச் சீராக்க ஒன்றிரண்டு மாலைகளை ஒதுக்கி, செஸ்னாவுக்கு ஒன்றும் போர்விமானத்துக்கு ஒன்றுமாகத் தனித்தனிக் கோப்புகளில் அவற்றைச் சேமித்து வைத்துக்கொண்டால் போதும்.