எழுத்தின் படம்

எதிர் வீட்டு டீச்சர் போன வாரம் டீ போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. அவருடைய அப்பா 1962இல் நிலம் வாங்கியபோது எழுதிய கிரயப் பத்திரம் திரையில் இருந்தது, மொத்தம் பன்னிரண்டு பக்கம். பிரவுசிங் சென்டரில் கொடுத்து ஸ்கேன் செய்து, பென் டிரைவில் வாங்கி வந்திருக்கிறார். "சர்வே நம்பர் எந்தெந்தப் பக்கத்துல வருதுன்னு தேடிப் பார்க்கறேன் தம்பி, ஒண்ணுமே இல்லைங்குது. நம்பர் கண்ணு முன்னாடி நிக்குது, தேடினா வரமாட்டேங்குது. கடைக்காரப் பையன் அரைகுறையா ஏத்திட்டானோ?"

பையன் சரியாகத்தான் ஏற்றியிருந்தான். ஆனால் டீச்சருக்கு வந்த சந்தேகம் நம்மில் பெரும்பாலோருக்கு வரும் சந்தேகம்தான். ஒரு காகிதத்தை ஸ்கேன் செய்துவிட்டால் அதிலுள்ள எழுத்தெல்லாம் கணினிக்குத் தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம். அப்படித் தெரியாது. ஏன் தெரியாது என்பதைப் பார்க்க, ஸ்கேனரின் மூடியைத் தூக்கிவிட்டு நாமும் உள்ளே எட்டிப் பார்ப்போம்.

மூடிக்குக் கீழே ஒரு கண்ணாடி. அதன் மேல் காகிதத்தைக் குப்புற வைக்கிறோம். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்கு அடியில் ஒரு வெளிச்சக் கோடு மெல்ல நகர்கிறது. வாசல் கூட்டும்போது ஒரு ஓரத்தில் தொடங்கி, இடம் விடாமல், மறு ஓரம் வரை போவோமே, அதே மாதிரி. வெளிச்சத்தோடு கூடவே ஒரு வரிசை உணரிகளும் போகின்றன. உணரி என்பது வெளிச்சத்தை அளக்க மட்டுமே தெரிந்த ஒரு குட்டிக் கண். வெள்ளைக் காகிதம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், மை அதை விழுங்கிவிடும். எவ்வளவு திரும்பி வந்தது என்பதை 0 முதல் 255 வரை ஓர் எண்ணாகக் குறித்துக்கொண்டே அந்தக் கண்கள் நகர்கின்றன. கலர் ஸ்கேன் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஓர் இடத்துக்கு மூன்று எண்கள்.

இப்போது கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தின் மேல் மிக நுண்ணிய கட்டங்கள் போட்டு, கட்டத்துக்கு ஒரு நிறம் என்று நிரப்பினால் என்ன கிடைக்குமோ அதுதான் ஸ்கேன். ஒரு கட்டத்துக்குப் பெயர் பிக்சல். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கட்டம் என்பதைத்தான் டிபிஐ என்கிறார்கள். 300 டிபிஐயில் ஓர் ஏ4 தாளில் குறுக்கே 2480 கட்டம், நெடுக்கே 3508 கட்டம். பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 87 லட்சம். கலரில் மும்மடங்கு எண்கள் என்பதால், சுருக்காமல் வைத்தால் ஒரு பக்கமே 26 எம்பி பிடிக்கும்.

கணினிக்காக இப்படிக் கட்டம் பிரிப்பதை முதலில் செய்து காட்டியவர் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ். 1957இல் தன்னுடைய மூன்று மாத மகனின் புகைப்படத்தை அவர் கணினிக்குள் ஏற்றினார். ஐந்து சென்டிமீட்டர் சதுரம், குறுக்கே 176, நெடுக்கே 176 கட்டம். நம் கைபேசியில் இருக்கும் எல்லாப் படங்களுக்கும் அந்தக் குழந்தை முகம்தான் மூத்தது.

இனி டீச்சரின் கேள்விக்கு வருவோம். அந்த 87 லட்சம் கட்டங்களில் 'இது க', 'இது ங' என்று எங்காவது எழுதியிருக்கிறதா? எங்கும் இல்லை. இந்தக் கட்டம் கறுப்பு, பக்கத்துக் கட்டம் பழுப்பு என்பது மட்டும்தான் இருக்கிறது. தெலுங்கு படிக்கத் தெரியாத ஒருவர் ஒரு தெலுங்குப் பலகையைப் பார்த்து வளைவு பிசகாமல் வரைந்துவிடலாம். வரைந்ததை வாசிக்கச் சொன்னால் அவர் என்ன செய்வார்? ஸ்கேனர் அந்த ஆள்தான். கை சுத்தம், ஆனால் எழுத்தறிவு கிடையாது.

நாம் விசைப்பலகையில் 'க' என்று தட்டும்போது நடப்பது வேறு. யூனிகோடு என்ற உலகப் பொதுப் பட்டியலில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. 'க'வுக்கு 2965. மேலே வைக்கும் புள்ளிக்கு 3021. 'க்' என்று தட்டினால் கணினி இந்த இரண்டு எண்களைத்தான் குறித்துக்கொள்கிறது. தேடும்போதும் எண்ணோடு எண்ணைத்தான் ஒப்பிடுகிறது. ஸ்கேன் செய்த 'க'வில் 2965 என்ற எண் எங்கே இருக்கிறது? சுமார் 40க்கு 40 கட்டங்களில் சிதறிய கறுப்பும் வெளுப்பும்தான் இருக்கின்றன.

"ஆனா இது பிடிஎஃப் ஆச்சே தம்பி" என்றார் டீச்சர். குழப்பத்தின் வேர் இந்த இடத்தில்தான். பிடிஎஃப் என்பது தபால் உறை மாதிரி. உறைக்குள் கடிதமும் இருக்கலாம், புகைப்படமும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். வெளியே ஒரே தோற்றம். கணினியில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கினால் உள்ளே எழுத்து இருக்கும். ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கினால் உள்ளே படம் இருக்கும். எது இருக்கிறது என்று பார்க்க எளிய வழி: ஒரு வரியின் மேல் மவுஸை அழுத்தி இழுங்கள். வரி மட்டும் நிறம் மாறினால் உள்ளே எழுத்து இருக்கிறது. பக்கம் அசையாமல் கிடந்தாலோ, முழுப் பக்கமும் ஒரே சதுரமாகத் தேர்வானாலோ அது வெறும் படம். டீச்சர் இழுத்துப் பார்த்தார். பக்கம் அசையவில்லை.

படம் என்று தெரிந்துவிட்டால், அந்தப் படத்தை நன்றாக எடுப்பது எப்படி என்ற கேள்வி வருகிறது. தமிழுக்கு இதில் ஒரு தனிக் கவலை உண்டு. மெய்யெழுத்தின் புள்ளி. புத்தக அச்சில் அது அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. 300 டிபிஐயில் ஒரு மில்லிமீட்டருக்குப் பன்னிரண்டு கட்டம் வீதம், புள்ளியின் அகலத்துக்கு நாலைந்து கட்டம் கிடைக்கும். 100 டிபிஐயில் ஒன்றோ ஒன்றரையோதான். 'பத்தாம்' என்பதில் உள்ள 'த்' தன் புள்ளியை இழந்து 'த' என்று நின்றால் நாம் ஊகித்துப் படித்துக்கொள்வோம். ஆள் பெயரிலோ ஊர்ப் பெயரிலோ புள்ளி போனால் ஊகிக்க வழியில்லை. இதற்கு நேர்மாறாக, கண்ணாடியில் ஒட்டிய ஒரு தூசு இல்லாத புள்ளியை வைத்துவிடும். ஸ்கேன் செய்யுமுன் கண்ணாடியை மெல்லிய பருத்தித் துணியால் துடைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அதனால் அச்செழுத்துக்கு 300, பொடி எழுத்துக்கும் மங்கிய கையெழுத்துக்கும் 600 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் கோப்பு பெருக்குமே தவிர, காகிதத்தில் இல்லாத விவரம் வந்துவிடாது. சில ஸ்கேனர் பெட்டிகளில் 9600 என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள். அதில் பெரும்பகுதி, இரண்டு கட்டங்களுக்கு நடுவே என்ன இருந்திருக்கும் என்று மென்பொருள் ஊகித்து நிரப்புவது.

பழைய பத்திரத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுக்காதீர்கள். அந்த முறையில் ஒவ்வொரு கட்டமும் ஒன்று கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை, நடுவில் எதுவும் கிடையாது. பழுப்பேறிய முத்திரைத்தாளில் சார்பதிவாளர் அலுவலகத்தின் ஊதா முத்திரை வெளிறியிருக்கும். பெருவிரல் ரேகையும் அப்படித்தான். பாதி வெள்ளைப் பக்கம் போய் மறையும், மீதி கறுப்புத் திட்டாகும். டீச்சரின் மூன்றாம் பக்கத்தில் கைநாட்டு இருந்த இடத்தில் ஒரு கரிய வட்டம்தான் இருந்தது. கலரில் எடுத்திருந்தால் ரேகை தெரிந்திருக்கும். இன்னொன்று, முத்திரைத்தாள் ஏ4ஐவிட நீளம். ஏ4 கண்ணாடியில் வைத்தால் அடியில் உள்ள கையெழுத்து வெட்டுப்படும். கடையிலேயே ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியையும் பார்த்துவிட்டு வாருங்கள். பின்பக்க எழுத்து முன்னால் தெரிகிற அளவுக்குத் தாள் மெலிந்திருந்தால், பின்னால் ஒரு கறுப்பு அட்டையை வைத்து எடுத்தால் அந்த நிழல் பெரிதும் அடங்கும்.

எடுத்த படத்தை எப்படிச் சேமிக்கிறோம் என்பதும் முக்கியம். ஜேபெக் முறை கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத விவரங்களைத் தள்ளிவிட்டுக் கோப்பைச் சின்னதாக்குகிறது. முகத்துக்கும் மரத்துக்கும் இது போதும். எழுத்தின் கூர்மையான ஓரங்களில் புகை மாதிரி ஓர் அழுக்குப் படரும். திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் போகும். டிஃப், பிஎன்ஜி முறைகளில் இந்த இழப்பு இல்லை. மூலப் பிரதியை அவற்றில் ஒன்றில் வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு மட்டும் ஜேபெக்கோ பிடிஎஃப்போ செய்துகொள்வது நல்லது. வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது இன்னும் சுருக்கிவிடும். டாக்குமெண்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் உள்ளது உள்ளபடி போகும்.

அப்படியானால் படத்திலிருந்து எழுத்தை எடுக்கவே முடியாதா? முடியும், அது தனி வேலை. அதைச் செய்யும் மென்பொருளுக்கு ஓசிஆர் என்று பெயர், தமிழில் எழுத்துணரி. பக்கத்தை நேராக்கி, வரி பிரித்து, ஒவ்வொரு வடிவத்தையும் பார்த்து 'இது 2965ஆக இருக்கலாம்' என்று ஊகிக்கிறது. டெஸராக்ட் என்ற இலவச மென்பொருளுக்குத் தமிழ் தெரியும். கூகுள் டிரைவில் ஏற்றிய படத்தைக் கூகுள் டாக்ஸில் திறந்தாலும் எழுத்தை எடுத்துத் தரும். சில மென்பொருள்கள் எழுத்தைப் படத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிவைக்கும். நாம் பார்ப்பது பழைய பக்கத்தை, கணினி தேடுவது அதன் முதுகில் எழுதிய குறிப்பை.

இது ஊகம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. 'ர'வும் துணைக்காலும் தடுமாற வைக்கும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு அச்சான புத்தகங்களில் 'லை', 'னை' யானைத் துதிக்கை வளைத்ததுபோல் இருக்கும். புது எழுத்தை மட்டும் கற்ற மென்பொருள் அங்கே எதையாவது போட்டுவைக்கும். விக்கிமூலத்தில் பழைய தமிழ் நூல்களை ஏற்றும் தன்னார்வலர்கள் ஒரு பக்கம் படம், மறுபக்கம் எழுத்து என்று வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். அந்த உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஊகம் நமக்குத் தெரியாமலே படத்துக்குள் நுழைந்த கதையும் இருக்கிறது. 2013இல் ஜெர்மனியின் டேவிட் கிரீசல் என்ற கணினி வல்லுநர் ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்தார். மூன்று அறைகளின் பரப்பு காகிதத்தில் 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஸ்கேனில் மூன்று அறைகளும் 14.13. எழுத்து மங்கவில்லை, பளிச்சென்று தவறாக இருந்தது. நகலெடுப்பதற்கே நாம் பெயராக வைத்துக்கொண்ட ஜெராக்ஸ் நிறுவனத்தின் எந்திரம் அது. கோப்பைச் சுருக்குவதற்காக, ஒன்றுபோலத் தெரிந்த துண்டுகளுக்கு ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறது. அந்த நிறுவனம் பிறகு மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. எண்கள் முக்கியமான தாள்களை இன்றும் நான் காகிதத்தோடு ஒப்பிடாமல் விடுவதில்லை.

டீச்சரின் பத்திரம் கையால் எழுதியது. பத்திர எழுத்தரின் சுழித்த எழுத்தை எழுத்துணரியிடம் கொடுத்து நம்புவதற்கில்லை. ஆகவே வேறு வழி செய்தோம். பன்னிரண்டு பக்கத்தையும் கலரில் மறுபடி எடுத்து வந்தார். கோப்புக்கு 'ஸ்கேன் 0001' என்று எந்திரம் வைத்த பெயரை அழித்து ஆண்டு, பத்திர வகை, ஊர், சர்வே நம்பர் என்று பெயர் வைத்தோம். எந்தப் பக்கத்தில் எல்லைகள், எந்தப் பக்கத்தில் சாட்சிகள் என்று பத்து வரிக் குறிப்பை அவரே தட்டச்சு செய்து கூடவே வைத்தார். இப்போது சர்வே நம்பரைத் தேடினால் கிடைக்கிறது. பிரதி ஒன்று பென் டிரைவில், இன்னொன்று மகளின் கணினியில். கடைக் கணினியில் இருந்த கோப்பைத் தன் கண் முன்னால் அழிக்கச் சொல்லிவிட்டும் வந்தார். முன்பின் தெரியாத இணையதளங்களில் பத்திரத்தை ஏற்றி மாற்றவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

"அப்ப பத்திரத்தை லேமினேட் பண்ணிடட்டுமா?" என்று கடைசியாகக் கேட்டார். வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு தாள் கிழியாமல் பிரிப்பது கடினம். குண்டூசியைக் கழற்றிவிட்டு, மடிப்பை விரித்து, ஈரம் படாத இடத்தில் ஓர் உறைக்குள் வையுங்கள். வங்கியில் கடன் கேட்டுப் போனால் அவர்கள் கேட்கப்போவது அந்த மூலப் பத்திரத்தைத்தான்.