இடைவேளையில் யாரும் வளர்வதில்லை!

2017 அக்டோபர் ஞாபகமிருக்கிறதா ஸார்? தமிழ்நாடு முழுக்க டெங்கு பயம். தெருவுக்குத் தெரு நிலவேம்புக் கஷாயம். எங்கள் சங்கரன்கோவிலில் அப்போதெல்லாம் யாராவது அன்பாகக் கையைப் பிடித்து இழுத்தால் காபி தரப் போகிறார் என்று நம்பிப் போய்விடக் கூடாது. கஷாயம்தான்!

அந்த மாதம் 6-ம் தேதி, வெள்ளிக்கிழமை. ராத்திரி எட்டு மணிக்கு நானும் என் அக்கா மகனும் டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். மருமகனுக்கு அப்போது வயசு 13. உயரம் நாலரை அடி. அதில் முக்கால் அடி தலைமுடி. கால்பந்துப் பைத்தியம். எங்கள் ஊர்க் கரிசல் மண்ணில், நெருஞ்சி முள்ளுக்கு நடுவே ஆடிப் பழகியவன்.

டில்லி நேரு ஸ்டேடியத்தில் இந்தியாவும் அமெரிக்காவும் மோதின. பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான உலகக் கோப்பை. கால்பந்து உலகக் கோப்பை ஒன்றில், எந்த வயதுப் பிரிவாக இருந்தாலும் சரி, இந்திய அணி காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. தகுதிச் சுற்றில் ஜெயித்து வந்த இடமில்லை. போட்டியை நடத்தும் நாடு என்பதால் கிடைத்தது. (கல்யாண வீட்டுக்காரருக்கே பந்தியில் இலை இல்லை என்று சொல்ல முடியுமா?)

இரண்டு அணிகளும் வரிசையாக நின்றன. மருமகன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"மாமா, அவங்க எல்லாரும் நெசமாவே பதினேழு வயசுக்குள்ளயா?"

"நெசந்தாம்ல. மணிக்கட்டை ஸ்கேன் எடுத்து எலும்பைப் பாத்துட்டுத்தான் விடுவாங்க. 2009-லேருந்து அப்படித்தான்."

"அப்போ என்னத்தத் திங்காங்க மாமா?"

பதில் தெரியவில்லை. 'மேட்சைப் பார்ல' என்று அதட்டி வைத்தேன்.

அமெரிக்க அணியில் ஜோஷ் சார்ஜென்ட் என்று ஒரு பையன். அதே வருஷம் இருபது வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையிலும் ஆடி, நாலு கோல் போட்டுவிட்டு வந்திருந்தான். இன்னொருவன் டிம் வெயா. அவனுடைய அப்பா ஜார்ஜ் வெயா, பழைய கால்பந்துச் சூரர். அந்த வாரம் லைபீரியாவில் ஜனாதிபதித் தேர்தலில் நின்றுகொண்டிருந்தார். (அந்த வருஷக் கடைசியில் ஜெயித்தும் விட்டார்.) நம் கேப்டன் அமர்ஜித் சிங்கின் அம்மாவோ இம்பாலில் மீன் விற்றுப் பிள்ளையை வளர்த்தவர். இந்த இரண்டு பக்கமும் ஒரே மைதானத்தில்!

30-வது நிமிடம் பெனால்டி, சார்ஜென்ட் அடித்தான். 51-ல் இன்னொன்று. 84-ல் நம் அன்வர் அலி அடித்த பந்து கோல் கம்பத்தின் மேல்கட்டையில் பட்டுத் திரும்பியது. 'ஐயோ' என்று நாங்கள் வாயை மூடுவதற்குள் அமெரிக்கர்கள் எதிர்ப்பக்கம் ஓடி மூன்றாவது கோலும் போட்டுவிட்டார்கள். 0-3.

மறுநாள் டீக்கடையில் தீர்ப்பு தயாராக இருந்தது.

"சோத்தைத் தின்னுட்டு அவனுவளோட மோத முடியுமாவே? உடம்பு பத்தல, அவ்வளவுதான்!" என்றார் ஒரு அண்ணாச்சி. நானும் தலையாட்டினேன். அதற்கடுத்த நாளே அதே உலகக் கோப்பையில், குவாஹாட்டியில், ஜப்பான் பையன்கள் ஹோண்டுராஸை 6-1 என்று துவைத்தெடுத்தார்கள். அவர்களும் சோறு தின்கிறவர்கள்தான்! அண்ணாச்சியிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவரிடம் பாக்கி இருந்தது.

9-ம் தேதி கொலம்பியா. அந்த ராத்திரியை மறக்க முடியாது. முதல் பாதி முடியும் நேரத்தில் கேரளத்துப் பையன் கே.பி.ராகுல் அடித்தது கம்பத்தில் பட்டது. 49-ல் கொலம்பியா ஒரு கோல். 82-வது நிமிடம் நமக்கு ஒரு கார்னர். அடித்தவன் பெங்களூர் சஞ்சீவ் ஸ்டாலின். (பெயரைக் கேட்டதும் எங்கள் தெருக் கட்சிக்காரர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.) ஆறடியைத் தாண்டிய மணிப்பூர்ப் பையன் ஜீக்ஸன் சிங் எம்பித் தலையால் முட்டினான். கோல்! உலகக் கோப்பையில் இந்தியா போட்ட முதல் கோல்!

மருமகன் கட்டிலில் ஏறிக் குதித்தான். அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். நாங்கள் குதித்து முடித்துத் திரும்பிப் பார்த்தால், 83-வது நிமிடம், கொலம்பியாவின் இரண்டாவது கோல். ஒரே ஒரு நிமிட சந்தோஷம் ஸார்.

12-ம் தேதி கானா. இந்தக் கோப்பையை 1991-லும் 1995-லும் ஜெயித்த நாடு. தோளோடு தோள் இடிக்கும்போதெல்லாம் நம் பையன்கள் அரையடி நகர்ந்தார்கள். 0-4.

எனக்கு அந்த இடியின் அருமை தெரியும். பி.காம். படிக்கும்போது கல்லூரி அணியில் இடது விங் ஆடியவன் நான். ஐந்தடி நாலு அங்குலம். வெளியூர் கல்லூரி ஒன்றின் டிஃபெண்டர் ஒருமுறை லேசாகத் தோளைக் கொடுத்தான். நான் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தேன். பந்து உள்ளேயே இருந்தது. ரெஃப்ரி விசில்கூட ஊதவில்லை. 'காற்று' என்று நினைத்திருப்பார். அன்றோடு என் ஆட்டமும் முடிந்தது, 'உடம்பு பத்தல' என்று நானே எனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

அதே தீர்ப்பைத்தான் அந்த டிசம்பரில் மருமகனுக்கும் எழுதினேன். ஒரு தேர்வு முகாமுக்குப் போனவனை, 'உயரம் காணாது, அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று அனுப்பிவிட்டார்கள். அழுதுகொண்டு வந்தான். ஆறுதல் சொல்ல வேண்டிய தாய்மாமன் என்ன சொன்னேன் தெரியுமா?

"டி.வி.ல பாத்தேல்ல? நம்ம உடம்புக்கு அதெல்லாம் சரிப்படாதுல. ஒழுங்காப் படி. பேங்க் பரீட்சை எழுது."

ஒன்றும் பேசாமல் போனான். மறுவாரம் அவன் பூட்ஸ் பக்கத்து வீட்டுப் பையன் காலில் இருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

2018 ஆகஸ்டில் பேப்பரில் ஒரு செய்தி. ஸ்பெயினில் நடந்த கோட்டிஃப் போட்டியில் இருபது வயதுக்கு உட்பட்ட இந்திய அணி, அர்ஜென்டினாவை 2-1 என்று தோற்கடித்துவிட்டது! இரண்டாம் பாதியின் பெரும்பகுதியை நாம் பத்தே பேரோடு ஆடியிருக்கிறோம். ஒரு கோல் தீபக் தாங்ரி. இன்னொன்று ஃப்ரீ கிக்கில், நம்ம கம்பத்து அன்வர் அலி! எதிரணிக்குக் கோச் யார்? லயோனல் ஸ்கலோனி. பிறகு 2022-ல் மெஸ்ஸியின் அணிக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த அதே ஸ்கலோனி.

பத்து மாதத்தில் இந்தப் பையன்கள் எத்தனை அங்குலம் வளர்ந்திருப்பார்கள்? எனக்குக் குழப்பம். பி.காம். புத்தி சும்மா இருக்குமா? பேப்பர், பேனா எடுத்து டில்லிக் கணக்கை மறுபடி எழுதினேன்.

நாம் வாங்கியது மொத்தம் 9 கோல். முதல் பாதிகளில் வாங்கியது 2. இரண்டாம் பாதிகளில் 7. அந்த ஏழில் நாலு, 80-வது நிமிடத்துக்குப் பிறகு: 84, 83, 86, 87.

உயரம்தான் குறை என்றால் ஆரம்பத்திலிருந்தே விழுந்திருக்க வேண்டாமா? இடைவேளையில் எதிரணிக்காரன் யாரும் வளர்வதில்லையே! முதல் பாதியில் சமாளித்த அதே தோள்கள்தான் கடைசிப் பத்து நிமிடத்தில் சரிந்தன. குறைந்தது உயரமில்லை, கையிருப்பு. ஓடி, இடித்து, விழுந்து, எழுந்து பழகிய மேட்சுகளின் கையிருப்பு.

இது போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. மாதிரி ஸார். ஐந்து வருஷம், 60 தவணை. மாசாமாசம் கட்டினால்தான் முதிர்வு. இந்தியா போட்டியை நடத்தும் என்று முடிவானது 2013 டிசம்பர். முதல் மேட்ச் 2017 அக்டோபர். 46 மாதம்! அதிலும் ஜெர்மன் கோச் நிக்கோலாய் ஆடம் போய், போர்ச்சுகல்காரர் நார்ட்டன் டி மாட்டோஸ் வந்து சேர்ந்தது கடைசி ஏழெட்டு மாதத்துக்கு. எதிரணிப் பையன்களோ ஆறேழு வயதிலிருந்து கிளப், லீக் என்று தவணை கட்டி வந்தவர்கள்.

உலகக் கோப்பை முடிந்ததும்தான் நம்மவர்கள் ஒழுங்காகக் கட்ட ஆரம்பித்தார்கள். 'இந்தியன் ஆரோஸ்' என்ற பெயரில் அந்தப் பையன்களையே ஐ-லீகில் இறக்கினார்கள். மீசை வைத்த ஆட்களோடு 18 மேட்ச். முதல் மேட்சில் நம்ம சென்னை சிட்டியையே 3-0 என்று வீழ்த்தினார்கள். ஆனாலும் சீசன் முடிவில் பத்து அணிகளில் பத்தாவது இடம். தோற்றார்கள், ஆனால் தவணை ஏறியது. அடுத்த ஆகஸ்டில் அர்ஜென்டினாவிடம் வட்டியோடு எடுத்தார்கள்.

இது புதுக் கதையுமல்ல. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நம்மவர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி யூகோஸ்லாவியாவிடம் 1-10 வாங்கினார்கள். அப்போதும் 'உடம்பு பத்தல' என்று சொல்லியிருப்பார்கள். பூட்ஸ் போட்டார்கள், பழகினார்கள். 1956 மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2! நெவில் டிசோசா ஹாட்ரிக். ஒலிம்பிக்கில் நாலாவது இடம். நாலு வருஷத்தில் தேசத்துக்கே உயரம் கூடிவிடுமா என்ன?

உயரம் உதவாது என்று சொல்லவில்லை. ஜீக்ஸன் முட்டியதே உயரத்தால்தான். ஆனால் அந்த 2017 உலகக் கோப்பையில் சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்கு? கோப்பையை ஜெயித்த இங்கிலாந்தின் ஃபில் ஃபோடனுக்கு. ஐந்தடி ஏழு அங்குலம் சொச்சம். நம்ம ஊர் பஸ்ஸில் நின்றால் மேல்கம்பியைப் பிடிக்க எக்கத்தான் வேண்டும்!

பாடம் படித்துவிட்டோமா? 2022-ல் இதே வயதுப் பெண்கள் உலகக் கோப்பை புவனேஸ்வரில். நம் பெண்கள் அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. மறுபடியும் டீக்கடையில் அதே தீர்ப்பு. இந்தத் தடவை நான் தலையாட்டவில்லை. சின்ன வயசிலிருந்து அவர்களுக்கு எத்தனை மேட்ச் கொடுத்தோம் என்று கேட்டேன். கடையில் பதில் இல்லை.

டில்லியில் ஆடியவர்களில் ஜீக்ஸன், அமர்ஜித், சுரேஷ் சிங், அன்வர் அலி எல்லோரும் பின்னால் இந்திய சீனியர் அணிக்கு ஆடினார்கள். அவர்களிடம் யாரும் 'பேங்க் பரீட்சை எழுது' என்று சொல்லவில்லை போலிருக்கிறது.

மருமகனிடம் சொன்னேனே, அதற்குத்தான் எனக்கு இன்னும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் பேங்க் பரீட்சையும் எழுதவில்லை. இப்போது நூல் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறான். உயரம் ஐந்தடி பத்து! பதினாறு வயசுக்கு மேல் மளமளவென்று வளர்ந்துவிட்டான். 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்றவர்கள் சொன்னதைக் கேட்டு அடுத்த வருஷம் போயிருந்தால்... அதைத் தடுத்தவன் நான்.

போன வருஷம் ஒரு நாள் தயங்கித் தயங்கி, "மாப்ளே, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா" என்றேன்.

"விடுங்க மாமா" என்றான். அவ்வளவுதான். அந்த 'விடுங்க'வில் எத்தனை வருஷம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே கரிசல் திடலில் இருபது வாண்டுகளுக்குப் பந்து பழக்குகிறான். ஆறு வயசு, ஏழு வயசு. காசு வாங்குவதில்லை. நெருஞ்சி முள் பொறுக்குவதும், தண்ணீர்க் கேன் தூக்குவதும் தாய்மாமன் வேலை.

போன வாரம் ஒரு அப்பா தன் பொடியனைக் கூட்டி வந்தார். "தம்பி, இவன் வளத்தியா வருவானா? வளத்தி இல்லன்னா பந்துல சேத்துக்க மாட்டாங்களாமே?"

மருமகன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு அவரிடம் சொன்னான்:

"வளத்திக்கு நான் கேரண்டி இல்ல அண்ணாச்சி. கடைசி நிமிஷம் வரைக்கும் ஓட வைக்கதுக்கு நான் கேரண்டி. ஷூ இல்லாட்டியும் பரவால்ல, ஞாயித்துக்கிழமை தவறாம அனுப்புங்க."

நான் கேனைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு நடந்தேன்.